கோசுக்கு உப்பு

மேல் இலையை உரித்து எறியக் கூடாது. அது எனக்குத் தெரியும். தெருமுனைக் கடையில் வெளுத்துப்போன கோசு கிடந்தது, அதை வாங்காமல் உழவர் சந்தை வரைக்கும் நடந்து போய், பச்சை இலை சுற்றிக்கொண்டிருக்கிற கோசாகப் பார்த்து எடுத்து வந்திருக்கிறேன். விற்றவள் வழக்கம்போல இலையைப் பிய்க்கப் போனாள். பிய்க்காதே அம்மணி, அதுதான் வேண்டும் என்றேன். மாட்டுக்குங்களா என்று கேட்டாள். மனுஷனுக்கு என்றேன். பச்சை இலைதான் நாட்டு வறுவலுக்கு உயிர். உள்ளே இருக்கிற வெள்ளை கல்யாண வீட்டுப் பொரியலுக்கு ஆகும், பாசிப்பருப்பும் தேங்காய்ப்பூவும் போட்டு, சவசவ என்று, மில் முதலாளி மகன் கல்யாணத்தில் தொழிலாளிகளைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்துப் போட்டார்களே, அதைப்போல. நான் எழுந்து வந்துவிட்டேன், பின்னால் எத்தனை பேர் எழுந்தார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. இது அந்தப் பொரியல் இல்லை. இது தீயில் முறுகி ஓரம் கருக வேண்டியது. அரிவாள்மனைப் பலகையில் காலை மடக்கி உட்கார்ந்தாயிற்று. முட்டி கடகடவென்கிறது. போலீஸ் தடி பட்ட முட்டி, அதற்குப் பேச உரிமை உண்டு. கோசை இரண்டாகப் பிளந்தேன். உள்ளே எத்தனை மடிப்பு, ஒன்றை ஒன்று இறுக்கிக்கொண்டு. காலையில் என் வீட்டுக்காரி பூவாத்தாள் வாயைத் திறந்து கேட்டுவிட்டாள், அதை நினைத்தால் கை தானாக வேகமாகப் போகிறது. கார்த்திகை பிறந்ததிலிருந்து சோறு வேண்டாம், கஞ்சி வேண்டாம், இளநீர் ரெண்டு மடக்கு, அதற்குமேல் வேண்டாம் என்று விட்டத்தைப் பார்த்துக் கிடந்தவள், இன்றைக்கு என் பக்கம் திரும்பி, ஏனுங்க, கோசு வறுக்கறீங்களா, அன்னிக்கு மில் கேட்டுல வறுத்தீங்களே, அந்த மாதிரி என்றாள். செருப்பின் வார் சரியாக ஏறக்கூட இல்லை, தெருவில் இறங்கிவிட்டேன்.

கோரிக்கை வந்துவிட்டது. அதுதான் முக்கியம். உண்ணாவிரதத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மில் கேட்டுக்கு எதிரில் பந்தல் போட்டு மூன்று முறை படுத்திருக்கிறேன், ஜெயிலில் ஒரு முறை. முதல் நாள் தலைவலி. அடுத்த நாள் பக்கத்து டீக்கடையில் எண்ணெய் காய்ந்தால் காது வரைக்கும் நீர் ஊறும். அதைத் தாண்டிவிட்டால் பசி செத்துப்போகும். பிறகு நாக்கு வெளுக்கும், மூச்சில் அழுகின பழத்தின் வாசம் வரும். சர்க்கார் டாக்டர் வந்து நாடி பிடித்துவிட்டுத் தாசில்தாரிடம் போய் முணுமுணுப்பார். அப்புறம் பேச்சுவார்த்தை, அப்புறம் எலுமிச்சைச் சாறு, மாலை, கைதட்டல். எலுமிச்சைச் சாறு யார் கையால் என்பதற்கே ரெண்டு மணி நேரம் சண்டை நடக்கும். இப்படித்தான் நான் அறிந்த பட்டினிக்கெல்லாம் ஒரு வாசலும் ஒரு கொல்லையும் உண்டு. பூவாத்தாளின் பட்டினிக்கு எது வாசல் என்று தெரியவில்லை. இன்று காலையில் அவளுடைய தலையணையைச் சரிசெய்யக் குனிந்தபோது அந்த வாசம் வந்தது. பழ வாசம். வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், கோசை நறுக்கு. மெல்லிசாக வேண்டாம், விரல் அகலத்துக்கு. ஆஸ்பத்திரியில் அந்தப் பெரிய டாக்டர், என் மகள் வயதுகூட இருக்காது, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிடிச்சதைக் குடுங்க. மகள் தான்யா வராந்தாவில் போய் அழுதாள். நான் அழவில்லை. ஓர் அதிகாரி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள நான் நேற்றுப் பிறந்தவன் இல்லை. மில் நஷ்டத்தில் ஓடுகிறது என்றும் ஒருவன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சொன்னான். ஆனால் பிடிச்சதைக் குடுங்க என்கிற வார்த்தை மட்டும் செருப்புக்குள் போன கல் மாதிரி கூடவே வருகிறது. பூவாத்தாளுக்கு எது பிடிக்கும். தோழர் மருதாசலத்துக்கு வடை, அதுவும் ஆறிப்போன வடை. லேபர் ஆபீசருக்கு டீயில் சர்க்கரை கூடாது. கேட்டில் நின்ற கூர்க்காவுக்குக்கூட இன்னது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், பட்டாணி. பூவாத்தாள் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சமையலறைக் கதவை ஒருக்களித்துவிட்டுச் சாப்பிடுவாள். மீந்தது அவளுக்குப் பிடித்தது என்று நினைத்திருந்தேன் என்று சொல்ல முடியாது, நினைக்கவே இல்லை, நினைக்க வேண்டிய வேலைகள் அப்போது வேறு இருந்தன, அவை பெரிய வேலைகள், இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?" நடு அறைக் கட்டிலிலிருந்து அவள் குரல். குரல் என்றால் குரல் இல்லை, காற்றுதான்.

"நறுக்கறேன் புள்ள."

"தண்டையும் போடுங்க. வீசிராதீங்க. வெரலு பத்திரம்."

விரல் பத்திரம். இருபது வருடம் நூற்பு எந்திரத்தில் நின்றவனுக்கு. ஆனால் அவள் பேசுகிறாள் பார், பேச ஆரம்பித்துவிட்டால் பாதி ஜெயித்த மாதிரி. எதிர்த்தரப்பை முதலில் பேச வை என்று நான்தான் சங்கத்துப் புதுப் பையன்களுக்குச் சொல்வேன், எதைப் பற்றியாவது பேசட்டும், மழையைப் பற்றிப் பேசினாலும் சரி. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது மூன்றாம் வகுப்பு. மற்றதெல்லாம் துண்டறிக்கைகள். மஞ்சள் தாள், சிவப்பு மை, கையில் ஒட்டுகிற மை, சைக்கிள் டைனமோ விளக்கில் எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி, உபரி என்றால் என்ன, வேலை நேரம் என்றால் என்ன, யார் உழைப்பு யார் பையில் போகிறது. அதையெல்லாம் படித்தவன் உலகத்தை எதிரெதிராக ரெண்டு வரிசையில் நிறுத்திப் பார்க்கப் பழகிவிடுகிறான். இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர்கள். பூவாத்தாள் சாப்பிட மாட்டேன் என்கிறபோது அவள் அந்தப் பக்கம் போய் நிற்கிறாள், அல்லது நான் அந்தப் பக்கம் போய்விட்டேன். அப்படியானால் அவள் என்னிடமிருந்து எதையோ கேட்கிறாள். எதை என்று ராத்திரியும் பகலும் தேடினேன். நகையா, அதை அடகுக் கடையிலிருந்து மீட்காமல் விட்ட வருடம் எதுவென்றுகூட மறந்துவிட்டது. தான்யாவின் கல்யாணத்துக்கு முந்தின நாள் நான் திருப்பூரில் மறியலில் இருந்ததா. மூத்த பையன் காய்ச்சலில் செத்துப்போனபோது. அதை எடுக்காதே. அதில் என் கை ஒன்றும் இல்லை, அது எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

போன் அடிக்கிறது. கையில் கோசுத் தண்ணீர், மாவு மாதிரி ஒரு வாசம். தான்யா. நான் வைத்த பேர், ருஷ்யப் பேர், அன்றைக்குத் தெருவே சிரித்தது, இன்றைக்கு மில் இருந்த இடத்தில் நிற்கிற அடுக்குமாடியில் மாடிக்கு ஒரு தான்யா இருக்கிறாள்.

"அம்மா ஏதாச்சும் சாப்பிட்டாங்களாப்பா?"

"பேச்சுவார்த்தை நடக்குது. நல்ல திருப்பம்."

"அப்பா, எங்கிட்டயும் அறிக்கை விடாதீங்க. சாப்பிட்டாங்களா இல்லையா?"

"கோசு கேட்டிருக்கா. வறுத்துட்டு இருக்கேன்."

"நீங்களா?" பிறகு, "சரி, குடுத்துப் பாருங்க. சனிக்கிழமை வர்றேன். அப்பா, அப்புறம் நீங்க எங்களோட ஓசூருக்கே வந்திருங்க. தனியா எப்படி இருப்பீங்க?"

அப்புறம். இப்போது எல்லோரும் இந்த வார்த்தையைச் சொல்கிறார்கள். மருதாசலம்கூட ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து, கட்டிலைப் பார்த்துவிட்டு வாசலில் செருப்பை மாட்டும்போது கேட்டான், அப்புறம் என்ன செய்யறதா இருக்கீங்க தோழர். சங்கம் மூன்றாக உடைந்தபோது மூன்றிலும் இருந்தவன், மில் நிலத்தை விற்க அளந்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்தவன், அவன் என்னைக் கேட்கிறான். அப்புறம் என்று எதுவும் இல்லை என்று சொன்னேன். தான்யாவிடமும் அதைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு போனை அரிசி டப்பாமேல் வைத்தேன்.

வடச்சட்டி காய்ந்துவிட்டது. கடலெண்ணெய், தாராளமாக. கடுகு வெடிக்கட்டும், உளுந்து சிவக்கட்டும், வரமிளகாயைக் கிள்ளிப் போட்டால் மூக்கில் ஏறுகிறது, பூண்டைத் தோலோடு தட்டிப் போடு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அந்த வேலைநிறுத்தத்தில் மில் கேட்டுக்கு எதிரில் கஞ்சித்தொட்டி திறந்தோம். ஊரே தந்தது. புளியமரத்தடியில் மூன்று கல் வைத்து அண்டாவில் கஞ்சி, தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை, உப்புக்கல்லை நாக்கில் வைத்துக்கொண்டு குடித்தார்கள் ஜனங்கள். அப்போதுதான் மேட்டுப்பாளையம் மண்டியின் சுமைத் தொழிலாளிகள் ஒரு லாரி கோசு அனுப்பினார்கள், மலையிலிருந்து இறங்கின கோசு, பனியின் ஈரம் காயாமல். லாரி திரும்பும்போது வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். கோசுக்குக் கைதட்டிய ஊர் வேறெங்கும் இருக்காது. வெட்டிக் கொட்டினால் ஆள் உயரத்துக்குக் குவியல். பெரிய இரும்புச் சட்டியில் மண்வெட்டி மாதிரி ஒரு கரண்டி, நான்தான் பிரட்டினேன், கை முடி பொசுங்கியது, அந்த வாசம்கூட இப்போது வருகிறது. கடைசியில் வறுத்த கடலைக்காயை இடித்துத் தூவினோம். ஒரு குழந்தை தகரத் தட்டை நக்கிவிட்டு இன்னொரு தரம் வரிசையில் வந்து நின்றது. தோற்ற வேலைநிறுத்தம்தான். ஆனால் அந்த மத்தியானம் தோற்கவில்லை. பூவாத்தாள் அன்றைக்கு எங்கே இருந்தாள். அடுப்புப் பக்கம்தான், புகைக்கு அந்தப்புறம், முகம் ஞாபகமில்லை, புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகியிருந்தது மட்டும் தெரிகிறது. அவள் அந்தக் கோசைச் சாப்பிட்டாளா. சாப்பிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இத்தனை வருடம் கழித்து அதைக் கேட்பாளா. ஆக அவளுக்குப் பிடித்தது கோசு. இதோ தெரிந்துவிட்டது. டாக்டருக்குப் பதில் கிடைத்துவிட்டது. கோசைக் கொட்டினேன். சட்டிக்கு மேல் கோபுரம் மாதிரி நிற்கிறது, கரண்டி போட இடமில்லை. உப்பை அள்ளினேன், கை நிறைய, அன்றைக்கு அள்ளின மாதிரி, கோபுரத்தின் மேலிருந்து தூவினேன்.

"மூடி போடோணுமா புள்ள?"

"மூடாதீங்க. மூடுனா வெந்து கூழாப் போயிரும். தீயக் கூட்டி வெச்சுப் பிரட்டுங்க. வறுவல்னா நின்னு வறுக்கோணும்."

நின்று வறுக்கிறேன். கோபுரம் இறங்குகிறது. கண்ணுக்கு முன்னாலேயே இறங்குகிறது, முதலில் மெதுவாக, பிறகு யாரோ கீழேயிருந்து இழுப்பதைப்போல. பச்சை கறுக்கிறது, வெள்ளை கண்ணாடி மாதிரி ஆகிறது, தண்ணீர் விட்டு, சுருங்கி, சட்டியின் அடியில் ரெண்டு கைப்பிடி. அவ்வளவுதானா. ஒரு முழுக் கோசு. பூவாத்தாளின் கைகளும் இப்படித்தான், புறங்கையின் தோலைப் பிடித்தால் பிடித்த இடத்திலேயே நிற்கிறது, வளையல் முழங்கை வரைக்கும் ஏறிவிட்டு இறங்குகிறது. பயப்படாதே, பிரட்டு. தண்ணீர் சுண்டிவிட்டது. இப்போதுதான் சத்தம் மாறுகிறது, வேகிற சத்தம் போய் வறுபடுகிற சத்தம், ஓரம் சிவக்கிறது, மண்ணும் புகையும் கலந்த அந்த வாசம் எழும்புகிறது. ஆமாம், அதே வாசம். கடலைக்காய்த் தூளைப் போட்டு இறக்கினேன். ஒன்றை எடுத்து வாயில் வைத்தேன். உப்பு. நாக்கைப் பிடித்து இழுக்கிற உப்பு. குவியலைப் பார்த்து அள்ளிவிட்டேன், குவியல் போய்விட்டது, உப்பு அப்படியே இருக்கிறது. உப்பைத் திரும்ப எடுக்க வழி உண்டா. கழுவலாமா. கழுவினால் வறுவல் போய்விடும். இன்னொரு கோசு வாங்கிவர உழவர் சந்தை வரைக்கும் போய் வருவதற்குள் அவள் மனசு மாறிவிட்டால். பேச்சுவார்த்தை மேசையில் ஒரு முறை கைக்கு எட்டியதை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டு வந்து, மறுநாள் கதவடைப்பு அறிவிப்பைப் பார்த்தவன் நான். பரவாயில்லை, எடுத்துக்கொண்டு போ. நாக்கு வெளுத்தவர்களுக்கு உப்பு அதிகம் தெரியாது. அது எனக்குத் தெரியும்.

எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் குழைந்த சோறு, பக்கத்தில் கோசு. கட்டிலில் அவளை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்தேன். எடை இல்லை. தட்டை மடியில் வைத்தேன். அவள் குனிந்து முகர்ந்தாள், அதற்கே மூச்சு வாங்கியது. விரலால் ஒரு துண்டைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தாள், பாத்திரக் கடையில் பாத்திரத்தைத் திருப்பிப் பார்ப்பதைப்போல. ஒரு துணுக்கை நாக்கில் வைத்து உடனே எடுத்துவிட்டாள்.

"ஏனுங்க, எத்தனை பேருக்கு உப்புப் போட்டீங்க?"

"கூடிப்போச்சா?"

"பச்சையில பாத்தா மலையாட்டந்தான் தெரியும். வதங்குன பொறகு போடோணும்."

"கேட்டுல அப்படித்தான போட்டேன். நாந்தான் வறுத்தேன் அன்னிக்கு."

அவள் சிரித்தாள். உதட்டில் வெடிப்பு இருந்ததால் முழுசாகச் சிரிக்க முடியவில்லை. "நீங்க கரண்டியப் புடிச்சீங்க. பேப்பர்க்காரன் போட்டோப் புடிச்சான். அவன் போனதும் கரண்டியக் குடுத்துட்டு மைக்குக்குப் போயிட்டீங்க. வறுத்தது நானும் பக்கத்தூட்டு ராயாத்தாளும்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கை முடி பொசுங்கியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பொசுங்குவதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்.

"சரி, நீதான் வறுத்த. இப்ப ஒரு வாய் சாப்பிடு. நீ கேட்டேன்னுதான செஞ்சேன்."

"நாங் கேட்டது எனக்கா? நீங்க செய்யறீங்களான்னு பாக்கத்தான் கேட்டேன்." தட்டை என் பக்கம் தள்ளினாள். தள்ளினாள் என்று சொல்வதற்கில்லை, தட்டின் விளிம்பில் விரல் வைத்தாள். "உக்காந்து சாப்பிடுங்க. சோத்த நெறையாப் போட்டுப் பெசஞ்சா உப்பு அடங்கிரும்."

எனக்குக் கோபம் வந்தது. அது நல்ல கோபம், பழகின கோபம், எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த இடம். "பூவாத்தா, என்னதான் உனக்கு வேணும், சொல்லிரு. எம்மேல என்ன குறை இருந்தாலும் சொல்லு. எதுன்னாலும் ஒத்துக்கறேன். பேரம் பேசலை, அப்படியே ஒத்துக்கறேன்." என் வாழ்க்கையில் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. கலெக்டரிடம் சொன்னதில்லை.

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "சங்கத்துல பேசற மாதிரியே பேசறீங்க. எனக்கு உங்க மேல என்னங்க கோவம். இருந்துச்சு, நெறைய இருந்துச்சு. அதெல்லாம் எப்பவோ தீந்துபோச்சு. பசி நின்னுபோச்சு, அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்லீங்க."

ஒன்றுமில்லை. கோபம் இருந்தால் தணிக்கலாம், கேட்டால் கொடுக்கலாம், கொடுத்துவிட்டு எலுமிச்சைச் சாற்றை நீட்டலாம். ஒருவரும் எதிர்ப்பக்கம் உட்காராத மேசையில் நான் இத்தனை நாளாகக் காகிதங்களை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறேன். டாக்டர் பையன் சொன்னதற்கு அவன் சொன்னதுதான் அர்த்தம். வெளியே அடுக்குமாடியில் யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள். சோற்றைப் பிசைந்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், கண் கொட்டாமல், நான் வாயில் வைப்பதை, மெல்வதை, தொண்டையில் இறங்குவதை. நேற்றுக் கட்டிலைச் சமையலறைப் பக்கமாகத் திருப்பிப் போடச் சொன்னவளும் அவள்தான், காற்றுக்காக என்று நினைத்தேன். சாப்பிட்டேன். உப்பு அடங்கியிருந்தது, முழுசாக இல்லை, கொஞ்சம். பச்சை இலை மொறுக்கென்று பல்லில் பட்டது. சாப்பிட முடிகிறது என்பது எனக்கே அவமானமாக இருந்தது. அவள் தோள் மெதுவாகத் தளர்ந்தது, ஏதோ ஒரு சுமையில் ஒரு மூட்டையை இறக்கி வைத்ததைப்போல.

"பரவால்ல" என்றாள். "ஒரு ஆளு சாப்பிடலாம். தான்யா வீட்டுக்குப் போக மாட்டீங்க, எனக்குத் தெரியும். கடைச் சோறு உங்க வகுத்துக்கு ஆகாது."

"பேசாம படு புள்ள."

"நாளைக்கு ரசம் வெப்பீங்களாம். புளி எவ்வளவு, எப்ப எறக்கறதுன்னு சொல்றேன். அது வந்துருச்சுன்னா பருப்பு. பருப்பு லேசுதான். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் வேலையில்லீங்க."

கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு வருகிறது, போகிறது. தட்டில் ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டேன், அவள் கண்ணைத் திறந்து பார்த்தால் காலியாக இருக்க வேண்டும். பேச்சை இழுத்தடிப்பது முதலாளிகளின் தந்திரம். வருகிற தேதியைத் தள்ளிப்போடுவது, புரியவில்லை என்பது, சின்ன விஷயத்தில் தடுக்கி விழுவது. ஆயுள் முழுக்க அதை எதிர்த்துக் கத்தியவன் நான், அந்தக் கயவாளித்தனம் எனக்கு நுனி முதல் அடி வரைக்கும் தெரியும். நாளைக்குப் புளியைக் கரைப்பேன். அளவு தப்பும். அவள் சொல்லித் தருவாள், மறுநாளும் கொதிக்க விட்டுவிடுவேன், பொங்கி அடுப்பில் வழியும். ஏனுங்க, இதுகூடத் தெரியாதா என்று திட்டுவாள். தெரியாது என்பேன். எனக்கு ரசம் வராது. எத்தனை நாள் சொல்லிக் கொடுத்தாலும் வராது.